அந்தக் கை அவள் கை இல்லை

என் பேத்தி ஓடிப்போனாள் என்று சொன்ன வாயை முதலில் கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

"ஏக்கா, நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். பைக்குல ஒருத்தன் பின்னாடி ஒக்காந்து போனா. மூஞ்சி தெரியக் கூடாதுன்னு அவன் ஹெல்மெட்டு வேற மாட்டியிருந்தான்." விளாங்குடியில் எங்கள் தெருக் குழாயடியில் நின்றுகொண்டு, பத்துப் பேர் கேட்கச் சீனியம்மாள் சொன்னது இது. எதிர்த்த வீட்டுக்காரி. தன் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும், அடுத்த வீட்டு உலையைத்தான் பார்ப்பாள்.

"அந்த ஹெல்மெட்டுக்குள்ள இருந்தது அவ அப்பன்டி. என் மருமகன் சிவபாண்டி. இருபது வருசமா எதிர்த்த வீட்டுல இருக்க, அவன் தொந்தியக் கூடவா அடையாளம் தெரியல ஒனக்கு?"

"அண்ணன் என்னைக்குக்கா ஹெல்மெட்டு போட்டாரு?"

"பெத்த பிள்ளைய ஏத்திக்கிட்டு பெரிய ரோட்டுல போனா போடுவான். உள்ள எதாச்சும் இருக்குற மண்டைக்குத்தான் அது வேணும். ஒன் புருசனுக்கு வேணாம்."

குழாயடியே சிரித்தது. சிரித்தால் அவள் அடங்குவாளா? ஓடிப்போன கதை எடுபடவில்லை என்றதும் அடுத்ததைப் பிடித்தாள். "சரிக்கா, ஓடல. ஆனா கருத்தக்கண்ணன் ஐயா குடுத்த படிப்பு உதவிய மேடையில வச்சே எத்திவிட்டாளா இல்லையா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணவ நல்லா இருப்பாளா?"

உண்ட வீடாம். யார் உண்டது? என் பேத்தி அந்த ஆளின் ஒரு வாய்த் தண்ணீரைக்கூடக் குடித்தவள் இல்லை. அவள் போய்விட்டாள், இனி இந்தத் தெருவுக்கு வாய் மட்டும்தான் மிச்சம். அது எதையும் பேசும். அதனால் நடந்ததை நான் சொல்கிறேன். நான் பார்த்ததையும், என் மருமகனும் பேத்தியும் வந்து சொன்னதையும் சொல்கிறேன். இல்லாததைச் சொல்ல எனக்கு வராது, அதற்குச் சீனியம்மாள் இருக்கிறாள்.

இசைவாணி என் மகள் தங்கப்பொண்ணின் மூத்த பிள்ளை. அப்பன் சிவபாண்டிக்கு ப்ளக்ஸ் கட்டுகிற வேலை. செல்லூரில் ஒரு கடையில் அச்சடித்துக் கொடுப்பார்கள்; இவன் சவுக்குக் கட்டையும் கயிறுமாகப் போய் ரோட்டோரத்தில் நிறுத்திக் கட்டிவிட்டு வருவான். மதுரைக்காரனுக்கு ப்ளக்ஸ் இல்லாமல் பிறப்பும் இல்லை, சாவும் இல்லை. காதுகுத்துக்கு ப்ளக்ஸ், சடங்குக்கு ப்ளக்ஸ், செத்துப் பதினாறாம் நாளுக்கு ப்ளக்ஸ். பள்ளிக்கூட லீவு நாளில் அப்பனோடு இவளும் போவாள், கயிற்று நுனியைப் பிடிக்க. கட்டி முடித்ததும் சிவபாண்டி பிளேடை எடுத்துப் படத்தில் அங்கங்கே பிறை மாதிரி கீறிவிடுவான். காற்று அதன் வழியாகப் போய்விடும், படம் கிழியாது.

"ஏம்ப்பா, காத்து ஓட்டையில போனா மட்டும் ஏன் கிழியாது?"

"அது அப்பிடித்தான் தாயி."

"அப்பிடித்தான்னா எப்பிடி?"

அவன் என்ன சொல்வான், பாவம். இவளும் விடவில்லை. பன்னிரண்டாவது முடித்து, ஊருக்கு வெளியே இருக்கிற பல்கலைக்கழகம் ஒன்றில் ஃபிசிக்ஸ் படிப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பல்கலைக்கழகத்தின் பேர் வேண்டாம். பேரைச் சொன்னால் அவர்களுக்குப் பெருமையாகப் போய்விடும். பீஸ் எங்களுக்கு மலை. முதல் வருடத்துக்கு என் மகள் தாலிக்கொடியை அடகுக்கடைக்கு அனுப்பிவிட்டு மஞ்சள் கயிற்றோடு நின்றாள். அடுத்த வருடத்துக்கு அனுப்பக் கழுத்தில் ஒன்றும் கிடையாது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

முதல் வருடப் பரீட்சை முடிவு வந்த அன்று பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியே வந்தாள். மூச்சு வாங்குகிறது.

"அம்மாச்சி, டிப்பார்ட்மெண்ட்ல நாந்தான் ஃபர்ஸ்ட்டு. இனிமே பீசுக் கவலை இல்ல. மொத வருசத்துல யாரு ஃபர்ஸ்ட்டோ அவுங்களுக்கு ஒரு ஸ்காலர்ஷிப் இருக்கு. மீதி ரெண்டு வருசமும் அதுலயே படிச்சிறலாம்."

"சும்மாவா குடுக்கறாங்க?"

"சும்மா இல்ல. மார்க்குக்குக் குடுக்கறாங்க. இது தர்மம் இல்ல அம்மாச்சி, பரிசு."

"குடுக்குறது யாரு?"

"முத்துத்தாய் நினைவு உதவித்தொகைன்னு பேரு. அந்தம்மா மகன் கருத்தக்கண்ணன்னு ஒருத்தர் குடுக்கறாரு. கல்யாண மண்டபமெல்லாம் வச்சிருக்காராம்."

சோழவந்தான் முத்துத்தாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தம்மா கொடிக்காலில் நான் வெற்றிலை கிள்ளியிருக்கிறேன். கிள்ளும்போது ஒன்றிரண்டு இலை கிழியும். கிழிந்ததைச் சந்தையில் யாரும் வாங்க மாட்டான். வேலைக்கு வந்தவர்கள் வாயில் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். முத்துத்தாய் அதையும் விடமாட்டாள். மடியை உதறச் சொல்லிப் பார்த்துவிட்டு, கிழிந்த இலையைப் பொறுக்கித் தன் மாட்டுக்குப் போடுவாள். மாடும் அதைத் தின்னாது. அந்த மகராசி பேரில் ஒரு பிள்ளை படிக்கப் போகிறது என்றால், காலம் நல்ல காலம்தான் என்று நினைத்தேன். ஒரு நாள் நினைத்தேன்.

இங்கேதான் என் மருமகன் ஒரு காரியம் செய்தான். தப்பு என்று ஊர் சொல்லும். நான் சொல்ல மாட்டேன்.

ப்ளக்ஸுக்கு ஒரு சட்டம் உண்டு. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறினால் மண்டை உடையும். பெரிய மனுசன் முகம் பெரிதாக மேலே இருக்கவேண்டும். விசேஷ வீட்டுக்காரன் நடுவில். கீழே வரிசையாகச் சின்னச் சின்ன வட்டத்துக்குள் மாமன், மச்சான், கூலிங்கிளாஸ் போட்ட பயல்கள். எவன் முகம் எவன் முகத்தைவிடப் பெரிது என்று முழம் போட்டுப் பார்க்கிற ஊர் இது. ஊரான் வீட்டுக்கெல்லாம் அந்தச் சட்டப்படி கட்டிக் கட்டி என் மருமகனுக்குக் கை காய்த்துப்போயிருந்தது. தன் வீட்டுக்கென்று ஒன்று கட்டியதில்லை. மகள் முதல் மார்க் வாங்கியதும் அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடையில் சொல்லி ஒன்று அடித்தான். அகலம் முழுக்க இசைவாணியின் முகம், கண்ணாடியும் சிரிப்புமாக. மேலே, 'இயற்பியல் துறையின் முதல் மாணவி'. கீழே வட்டங்கள்: நான், என் மகள், அவன் தம்பிமார். கடைசி வட்டத்தில், நன்றி என்று போட்டுக் கருத்தக்கண்ணன்.

நன்றி சொல்லத்தான் போட்டான். அவன் மனதில் வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த வட்டம், கூலிங்கிளாஸ் போட்ட அவன் தம்பிக்குப் பக்கத்து வட்டம். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருப்பவன், அந்த ஒரு நாள் சட்டத்தை மறந்துபோனான். மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டியிருக்கிறான், வேறென்ன.

திண்டுக்கல் ரோட்டில் காரில் போன கருத்தக்கண்ணன் அதைப் பார்த்துவிட்டார். மறுநாள் மண்டபத்துக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டார். மருமகன் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான்.

"ஏம்ப்பா சிவபாண்டி, ப்ளக்ஸ் நல்லாத்தான் கட்டியிருக்க. ஒன் மக மூஞ்சி நெலா மாதிரி இருக்கு. எனக்குத்தான் மூஞ்சி எங்க இருக்குன்னு கார நிப்பாட்டித் தேட வேண்டியதாப் போச்சு."

"ஐயா, எடம் பத்தலங்கய்யா…"

"மகளுக்கு எடம் இருந்துச்சு. பணம் குடுக்குறவனுக்குப் பத்தாமப் போச்சு. அப்பிடித்தான?"

"தெரியாம நடந்து போச்சுங்கய்யா. கழட்டிர்றேன்."

"கழட்டுனாப் போதுமா? பாத்த சனம் பாத்ததுதான? வேற கட்டு. எங்காத்தா படம் மேல. என் படம் நடுவுல. ஒன் மக கீழ கும்பிட்ட மாதிரி நிக்கட்டும். ஏழை மாணவிக்கு வாழ்வு தந்த வள்ளல்னு போடு. இங்கருந்து பல்கலைக்கழக வாசல் வரைக்கும் கட்டு. நீயே கட்டு, ஆமா, வேற எவனும் கட்டக் கூடாது. அப்பத்தான் எனக்கு மனசு ஆறும்."

மனசாம். முத்துத்தாய் மகனுக்கு அது வேறு இருக்கிறது. தாய் கிழிந்த வெற்றிலையை விடவில்லை, மகன் கிழிகிற ப்ளக்ஸை விடவில்லை.

கும்பிட்ட மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்று கேட்டு வாங்குகிற வேலை, ஃபிசிக்ஸ் துறைக்குத் தலைவராக இருக்கிற சூரியபிரகாஷ் என்பவருக்கு வந்தது. பெரிய படிப்பாளி. வானத்து நட்சத்திரம் எவ்வளவு தூரம் என்றால் சொல்லிவிடுவாராம். தன் நாற்காலிக்கும் பணக்காரன் காலுக்கும் எவ்வளவு தூரம் என்று மட்டும் அவருக்குத் தெரியாது. தூரம் என்று ஒன்று இருந்தால்தானே தெரியும். இசைவாணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

"ஒரு போட்டோ தானம்மா. கும்பிட்டு நின்னா என்ன கொறைஞ்சிடும்?"

"கும்பிடுறது கூடப் பரவால்ல சார். எதுக்கு சார் ஏழைன்னு போடணும்? ஃபர்ஸ்ட் மார்க்குன்னு போடட்டும். அதுக்குத்தான குடுக்கறாங்க?"

"ஃபர்ஸ்ட் மார்க் வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் வாங்கிடுவாங்க. பணம் குடுக்குற டோனர் வருஷா வருஷம் கெடைக்க மாட்டார்மா."

பார்த்தீர்களா பேச்சை? இந்த ஆளிடம்தான் பிள்ளைகள் படிக்கின்றன.

அவள் போட்டோ கொடுக்கவில்லை. கொடுக்கவில்லை என்றால் விட்டுவிடுவார்களா? ப்ளக்ஸ் கடை கம்ப்யூட்டரில் பழைய படத்திலிருந்து இவள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். கும்பிடுகிற கைக்கு என்ன செய்ய? கம்ப்யூட்டரில் கிடந்த ஏதோ ஒரு கல்யாணப் பெண்ணின் கையை வெட்டி, இவள் கழுத்துக்குக் கீழே ஒட்டிவிட்டார்கள். நான் கண்ணால் பார்த்தேன். பேத்தியோடு பஸ் ஸ்டாப்புக்குப் போனபோது எதிரே நிற்கிறது. முத்துத்தாய் மேலே இருந்து மடியை உதறச் சொல்கிற மாதிரியே பார்க்கிறாள். நடுவில் மகன், ஆள் உயரத்துக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு. கீழே மூலையில் என் பேத்தியின் முகம், சின்னதாக. அதற்குக் கீழே இரண்டு கை. முழங்கை வரைக்கும் மருதாணி. கை நிறையத் தங்க வளையல். விரலுக்கு ஒரு மோதிரம். அந்தக் கைக்குப் பக்கத்தில், 'ஏழை மாணவி' என்று எழுதியிருக்கிறது என்று பேத்தி படித்துச் சொன்னாள்.

அதைக் கட்டியது அவள் அப்பன். கடைக்காரன் சொன்னான், இவன் கட்டினான். கட்டாவிட்டால் கடையில் வேலை இல்லை. மகளுக்குப் படிப்பும் இல்லை. சாயங்காலம் வந்து சோற்றுத் தட்டின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான்.

"அது யாரு கைப்பா?"

"செக்கானூரணிப் பக்கம் ஏதோ ஒரு கல்யாணப் பொண்ணு தாயி. கம்ப்யூட்டர்ல கெடந்துச்சு."

"நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்கீங்க. எந்தக் காத்துக்கும் விழாது."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். அவளும் எழுந்து போனாள். போட்ட சோறு போட்டபடி கிடந்தது. அந்த நேரம் பார்த்துச் சீனியம்மாள் வாசலில் வந்து நின்று, "ஏக்கா, இசைவாணிக்கு வளையல் எப்பக்கா எடுத்தீங்க? ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா?" என்று கேட்டாளே, அவளை என்ன சொல்ல? படத்தில் ஒரு கையைப் பார்த்தால் அது யார் கை என்றுகூடத் தெரியாத ஜென்மம். அவள்தான் இன்றைக்குப் பைக்கில் போனவன் யார் என்று சாட்சி சொல்கிறாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பலபேர் நினைக்கிற மாதிரி, விழாவுக்கு அவள் சண்டை போடப் போகவில்லை. வாங்கத்தான் போனாள். என் மகள் அவள் தலையைச் சீவிக்கொண்டே, "இன்னைக்கு ஒரு நாள் பல்லக் கடிச்சிக்கிட்டு வாங்கிட்டு வந்துரு தாயி. அப்பறம் ரெண்டு வருசம் எவன் மூஞ்சியிலயும் முழிக்க வேணாம்" என்றாள். "வாங்கிட்டு வாறேம்மா" என்றுதான் அவளும் சொன்னாள். நானும் மகளும் கூடவே போனோம். மருமகன் உள்ளே வரவில்லை. பல்கலைக்கழக விழா மண்டப வாசலில் ப்ளக்ஸ் சரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, அவனை வெளியே நிறுத்திவிட்டார்கள். முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் அப்பனுக்கு அவர்கள் கொடுத்த நாற்காலி அது.

மேடையில் முத்துத்தாய்க்கு மாலை. சூரியபிரகாஷ் மைக்கைப் பிடித்தார். முத்துத்தாயின் ஈரத்தைப் பேசினார், இரக்கத்தைப் பேசினார். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் இசைவாணிக்கு வந்தார். குடிசையில் பிறந்தவள் என்றார். எங்கள் வீட்டுக்கு மாடி இல்லை, ஆனால் மேலே சிமெண்டு. குடிசை எங்கே இருந்து வந்தது? ஒரு வேளைக் கஞ்சிக்கு வழியில்லாதவள் என்றார். காலையில்தான் மூன்று இட்லி தின்றுவிட்டு வந்திருக்கிறாள். இருளில் கிடந்தவள் என்றார். எல்லாம் சொன்னார். மார்க்கை மட்டும் சொல்லவில்லை. முதலாவது வந்தாள் என்கிற ஒரு சொல் அந்தப் பெரிய வாயிலிருந்து விழவில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டுதான் மேடை ஏறினாள். அட்டையில் பெரிதாகச் செய்த செக்கை ஒரு பக்கம் கருத்தக்கண்ணன் பிடித்தார், மறுபக்கம் இவள் பிடித்தாள். போட்டோக்காரன் தயாரானான். அப்போது அந்த ஆள் குனிந்து சொன்னார். முன்வரிசை முழுக்கக் கேட்டது.

"அட்டைய விட்டுட்டுக் கும்பிடும்மா. ப்ளக்ஸுல இருக்க மாதிரி இருக்கணும்ல?"

இவள் தன் கையைப் பார்த்தாள். கும்பிடவில்லை. நேரே மைக்குக்குப் போனாள். நன்றியுரை என்று நினைத்துச் சூரியபிரகாஷ் விலகி வழிவிட்டார். கையில் ஒரு தாள் வேறு கொடுத்தார், அவரே எழுதியது. அதை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு இவள் பேசினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். என் பேர் இசைவாணி. இந்த வருசம் ஃபிசிக்ஸ்ல ஃபர்ஸ்ட் மார்க் நான். சார் அதச் சொல்ல மறந்துட்டாங்க. வெளிய கட்டியிருக்க ப்ளக்ஸ்ல மூஞ்சி மட்டும்தான் என்னுது. கும்பிடுற கை என்னுது இல்ல. செக்கானூரணிப் பக்கம் ஒரு கல்யாணப் பொண்ணோட கை. ஐயாவக் கும்பிட்டது அந்தக் கைதான். அதனால ஸ்காலர்ஷிப்ப அந்தக் கைக்கே குடுத்துருங்க."

 பின்வரிசையில் ஒரு பயல் விசில் அடித்தான். அதோடு போச்சு. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். கருத்தக்கண்ணன் அட்டையைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி நின்றார். இவள் இறங்கி வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்தேன். "போச்சு அம்மாச்சி" என்றாள். தான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் பேசுகிற பிள்ளை இல்லை அவள்.

மேடையைக் காலியாக விட முடியுமா? இரண்டாவது மார்க் வாங்கிய திவ்யா என்ற பிள்ளையைக் கூப்பிட்டு, அதே அட்டையைக் கொடுத்தார்கள். அது கும்பிட்டது. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கும் ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டிலும் ஒரு கவலை இருக்கும். கும்பிடும்போது எங்கள் பக்கம் அது திரும்பவே இல்லை.

வெளியே வரும்போது சூரியபிரகாஷ் வந்து என் மகளிடம், "உங்க பொண்ணுக்கு நல்லது செய்யத்தான் நெனச்சேம்மா" என்றார்.

"நீங்க நெனச்சதெல்லாம் ஒங்க மேடைக்குத்தான் தம்பி. பிள்ளைய எங்க நெனச்சீங்க?" என்றேன். படித்தவர் அல்லவா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். ஊர் அதைத்தான் தப்பாகச் சொல்லித் திரிகிறது. பல்கலைக்கழகம் அவளைத் துரத்தியது என்கிறார்கள். யாரும் துரத்தவில்லை. பீஸ் கட்டச் சொன்னார்கள், கட்ட வழியில்லை, அவளே சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். சிவபாண்டிக்குக் கடையில் வேலை போனது. இப்போது செல்லூர்த் தறிக்கூடங்களுக்கு நூல் மூட்டை ஏற்றி இறக்குகிறான். வேலை போன அன்று வீட்டுக்கு வந்து மகளிடம், "கட்டுனது என் தப்பு தாயி" என்றான். "நீங்க மொதல்ல கட்டுனது தப்பே இல்லப்பா" என்றாள் அவள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்றைக்கு இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

ஒரு வருடம் வீட்டில் இருந்தாள். ஜெராக்ஸ் கடையில் நின்றாள். வீணாய்ப் போன வருடம் அது. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கூடப் படித்த பிள்ளைகள் பஸ்ஸில் போவதைக் கடை வாசலிலிருந்து பார்ப்பாள். சீனியம்மாள் அந்தச் சமயத்தில் ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்தாள், அவளுடைய ஓரகத்தி தம்பி. "படிப்புதான் இல்லைன்னு ஆயிருச்சே" என்றாள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டேன். கருத்தக்கண்ணன் மண்டபத்தில் பந்தி பரிமாறுகிறானாம். நல்ல இடம் பார்த்தாள். எச்சில் இலையோடு சேர்த்து என் பேத்தியையும் எடுக்கச் சொல்லலாம் என்று நினைத்தாள் போல.

இவளோ அதற்குள் திருச்சியில் அரசாங்கக் காலேஜுக்கு எழுதிப் போட்டிருந்தாள். ஃபிசிக்ஸ் கிடைத்தது. இரண்டாம் வருடத்தில் சேர்க்க முடியாது, மறுபடி முதல் வருடத்திலிருந்துதான் என்றார்கள். சரி என்றாள். பீஸ் கொஞ்சம்தான், தங்க அரசாங்க விடுதி. "எவனையும் கும்பிட வேணாம் அம்மாச்சி, சட்டப்படி வாரது" என்றாள்.

ஆடி மாதம் கிளம்ப வேண்டியிருந்தது. ஆடியில் பெண்பிள்ளை வெளியூர் போனால் விளங்காது என்று தெருவே கூடிச் சொன்னது. ஆவணியில் போனால் இவர்கள் விளக்குப் பிடித்திருப்பார்களோ? நான்தான், போ என்றேன். வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. எல்லோரும் குழாயடியில் இருந்த நேரம். மருமகன் பெட்டியைப் பைக்கில் வைத்துக் கட்டிவிட்டு, இரவல் வாங்கிய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஆயத்தமாக நின்றான். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகவேண்டும்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. இறங்கியது சூரியபிரகாஷ். கையில் ஒரு ஸ்வீட் டப்பா. நேரே வாசல்படியில் ஏறி, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்ல வேளை, கெளம்பல. இசைவாணி, ஒரு விஷயம் பேசணும்மா."

"சொல்லுங்க சார்."

"நீ அன்னைக்குப் பேசுனத எவனோ போன்ல எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டான். வருஷம் ஒண்ணாகியும் கருத்தக்கண்ணன் சார் எங்க போனாலும், கை எங்க ஐயான்னு கேட்டுச் சிரிக்கிறாங்களாம். ரொம்பக் கோவமா இருக்கார். ஸ்காலர்ஷிப்பையே நிறுத்திடுவேங்கறார். நீ வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டு, ஒரே ஒரு போட்டோ எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும். நீ நேரா செகண்ட் இயர்ல சேந்துக்கலாம். ரெண்டு வருஷமும் அவரே பாத்துக்கறேங்கறார். என்கிட்டயே சொன்னார்."

என் மகள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். முகத்தில் ஆசை தெரிந்தது. எப்படித் தெரியாமல் இருக்கும்? பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கலாம், படித்து முடித்த முதல் வருடமாவது வீணாகாது.  இழந்தது அவள், சொல்ல வேண்டியதும் அவள்.

"இப்ப ஃபர்ஸ்ட் மார்க்குன்னு போடுவாங்களா சார்?"

அவர் டப்பாவை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "அதெல்லாம் போகப் போகப் பேசிக்கலாம்மா. மொதல்ல போட்டோ. நீ இப்ப வீம்பு பண்ணுனா, பின்னாடி வர்ற ஏழைப் பிள்ளைங்களுக்கு யாரு குடுப்பா? அதையும் கொஞ்சம் யோசி."

"பின்னாடி யாரு ஃபர்ஸ்ட் வாராங்கன்னு இன்னும் பரீட்சையே நடக்கல சார். அதுக்குள்ள ஏழைன்னு முடிவு பண்ணிட்டீங்க."

குழாயடியில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஒருத்தியும் குடத்தை எடுக்கவில்லை. சூரியபிரகாஷ் நிலையை விட்டு நகரவும் இல்லை. இவள் பையைத் தோளில் மாட்டினாள். என் பக்கம் திரும்பி, "வாரேன் அம்மாச்சி" என்றாள். அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். அப்புறம் வாசலுக்குப் போய், அவர் முகத்துக்கு நேராக நின்றாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். வழியில நிக்கிறீங்க."

அவர் தள்ளி நின்றார். அவள் படியிறங்கிப் போனாள்.